தங்க இடமில்லாமல் போனால்: சென்னையில் படுக்கை, சாப்பாடு, வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போய் வாடகை பாக்கி ஏறியவர்கள், வீட்டில் அடி தாங்காமல் பிள்ளையோடு வெளியே வந்தவர்கள், மகன் வீட்டில் இடமில்லாமல் போன பெரியவர்கள், சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருப்பவர்கள், தலைமுறை தலைமுறையாக வால்டாக்ஸ் சாலை, பிராட்வே நடைபாதைகளிலேயே குடும்பம் நடத்துபவர்கள். இவர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் சென்னையை வைத்து எழுதியவை. வெளியூர்க்காரர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு கேள்வி உண்டு. உங்களுக்காகப் படித்தாலும் சரி, உங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் ஒருவருக்காகப் படித்தாலும் சரி, தேவையான கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி படுக்க இடமில்லை. யாரைக் கூப்பிடுவது?

1913. பெருநகர சென்னை மாநகராட்சியின் புகார் எண் இது. குப்பைக்கும் தெருவிளக்குக்கும் மட்டும்தான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். வீடற்றோர் காப்பகம் பற்றிக் கேட்கவும் இதே எண்தான், ராத்திரியிலும் எடுப்பார்கள். நீங்கள் நிற்கும் இடம், ஆணா பெண்ணா, வயது, கூட யார் இருக்கிறார்கள், உடம்புக்கு முடியாதவர் யாராவது உண்டா என்பதைச் சொல்லி, "பக்கத்தில் எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். புகார் எண் ஒன்று தருவார்கள். அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள். திரும்பக் கூப்பிடும்போது அந்த எண்ணைச் சொன்னால்தான் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

பெண்கள் 181, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் 1098, அறுபது வயதைத் தாண்டியவர்கள் 14567 (இது பகலில் மட்டும்), உடம்பு மோசமாக இருந்தால் 108, ஆபத்து என்றால் 112. எல்லாமே கட்டணமில்லாத எண்கள். போன் இல்லாதவர்கள் பகலில் மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கோ மண்டல அலுவலகத்துக்கோ போகலாம். ராத்திரியில் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லி, அங்கிருந்து 1913ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் பெண் என்றால் காப்பகம் உறுதியாகும் வரை, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தை விட்டு நகர வேண்டாம். சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்களும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலும் அப்படிப்பட்ட இடங்கள்.

"தங்க இடம் தருகிறேன், வேலையும் வாங்கித் தருகிறேன்" என்று பஸ் நிலையத்தில் தானாக வந்து பேசுபவர்களோடு மட்டும் போகவே போகாதீர்கள். சின்னப் பெண்களும் வெளிமாநிலத்துப் பையன்களும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

காப்பகத்தில் சேர ஆதார் வேண்டுமா? பணம் கட்ட வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் இலவசம். அடையாள அட்டை இருந்தால் காட்டுங்கள். இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. பதிவேட்டில் பெயர், வயது, சொந்த ஊர், எப்படி இங்கே வந்தீர்கள் என்பதை எழுதிக்கொள்வார்கள். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதே என்று சிலர் பயந்து பொய்ப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். உண்மையான பெயரை, பழைய ரேஷன் கார்டிலோ பள்ளிச் சான்றிதழிலோ இருந்த அதே எழுத்தில் சொல்லுங்கள். பின்னால் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் உங்களுக்குச் சான்று தருவார்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது ஆவணங்கள் பற்றிய கேள்வியில் புரியும்.

இந்தக் காப்பகங்கள் யாரோ மனமிரங்கித் திறந்துவைத்தவை அல்ல. 2010இல் உச்ச நீதிமன்றம், நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று அளவுகூடச் சொல்லியிருக்கின்றன. காப்பக வாசலில் நிற்கும்போது கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

உள்ளே எப்படி இருக்கும்? ஜெயில் மாதிரி அடைத்து வைப்பார்களா?

மாட்டார்கள். பெரும்பாலும் மாநகராட்சிக் கட்டடம், நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். நீளமான ஒரு கூடம், மின்விசிறிகள், கட்டில் அல்லது பாய், சாமான் வைக்க ஒரு பெட்டி, பொதுக் கழிப்பறை, குளியலறை. ஒரு பொறுப்பாளரும் காவலாளியும் இருப்பார்கள். காலையில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பலாம். சமையல் வேலைக்கும் மூட்டை தூக்கவும் செக்யூரிட்டி வேலைக்கும் போய்வருபவர்கள் நிறையப் பேர் காப்பகத்தில்தான் தங்குகிறார்கள். குடித்துவிட்டு வரக் கூடாது, இன்ன நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று விதிகள் இருக்கும். ராத்திரி ஷிப்ட் வேலை என்றால் முதல் நாளே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், கதவு திறப்பதில் சண்டை வராது.

எல்லாக் காப்பகமும் ஒரே தரத்தில் இல்லை. ஒன்று துடைத்துவைத்த மாதிரி இருக்கும், இன்னொன்றில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. குறை இருந்தால் அதே 1913இல் புகார் சொல்லுங்கள். வேறு காப்பகத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை.

குடும்பமாக இருக்கிறோம். எங்களைப் பிரித்துவிடுவார்களா?

பலரும் காப்பகத்துக்குப் போகாமல் நடைபாதையிலேயே இருந்துவிடுவதற்கு இந்தப் பயம்தான் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. சென்னையில் ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியர் என்று தனித்தனிக் காப்பகங்கள்தான் அதிகம். குடும்பமாகத் தங்கும் இடங்கள் குறைவு. அதனால் கேட்கும்போதே "குடும்பக் காப்பகம்" என்று சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தாயும் சின்னக் குழந்தைகளும் பெண்கள் காப்பகத்திலும், அப்பா பக்கத்திலேயே ஒரு ஆண்கள் காப்பகத்திலும் சில நாள் தங்கி, அதற்குள் ஒரு அறையைப் பிடிப்பதுதான் நடைமுறையில் பலர் செய்வது.

வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையை உங்களிடமிருந்து யாரும் பறித்துக்கொள்ள முடியாது. பிள்ளையை விடுதியில் சேர்க்கச் சொன்னால், அது குழந்தைகள் நலக் குழு மூலமாக நடக்கிறதா என்று கேளுங்கள். எங்கே சேர்க்கிறார்கள், எப்போது பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

திருநங்கைகளுக்குக் கரிமா கிருஹா என்ற பெயரில் தனித் தங்குமிடம் சென்னையிலும் உண்டு.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

காப்பகத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே சாப்பாடு கிடைத்துவிடும். வெளியில் இருப்பவர்களுக்கு முதல் வழி அம்மா உணவகம். 2013இல் ஆரம்பித்தபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, சாயங்காலம் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் 3 ரூபாய். காலை 7 மணிக்குத் திறப்பார்கள், மதியச் சாப்பாடு 12 மணிக்கு மேல், சப்பாத்தி மாலை 6 மணிக்கு மேல். முதலில் டோக்கன் வாங்கிக்கொண்டு பிறகு தட்டு. கூட்டமுள்ள இடங்களில் கொஞ்சம் தாமதித்தால் தீர்ந்துவிடும், எனவே திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பார்சல் கிடையாது. உடம்பு முடியாமல் படுத்திருப்பவருக்கு வாங்கிப் போக வேண்டுமென்றால் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வேலை செய்யும் பெண்கள் பலர் அதே வட்டாரத்துச் சுயஉதவிக் குழுக்காரர்கள், முகம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரி வளாகங்களிலும் அம்மா உணவகம் உண்டு.

கையில் அந்த ஐந்து ரூபாயும் இல்லை என்றால் கோயில் அன்னதானம். அறநிலையத் துறைக் கோயில்களில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி, வடபழனி முருகன் கோயில்கள் எல்லாவற்றிலும் உண்டு. பதினோரு மணி வாக்கில் போய் டோக்கன் எப்போது என்று கேட்டுவிடுங்கள். சாப்பிட வருபவரிடம் யாரும் சாதி, மதம் கேட்பதில்லை. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் சீக்கியர்களின் கோயிலான குருத்வாரா இருக்கிறது, லங்கர் எனும் இலவசப் பொதுச் சாப்பாடு நடக்கும் நாளில் யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காரலாம். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். கடலூர், விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு சத்திய தருமச்சாலையில் இன்றும் அணையவில்லை, தினமும் சாப்பாடு உண்டு.

குழந்தைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் மதிய உணவு உறுதி. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தருகிறார்கள். ஐந்து வயதுக்குள் என்றால் அங்கன்வாடி. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் சத்துமாவு அங்கன்வாடியிலேயே கிடைக்கும். நடைபாதைதான் விலாசம் என்பதற்காக அங்கன்வாடியில் பதிய மறுக்கக் கூடாது.

ரேஷன் கார்டு வேறு ஊரில் இருக்கிறது. இங்கே அரிசி வாங்க முடியுமா?

முடியும். தமிழ்நாட்டுக் கார்டு என்றால் கைரேகை வைத்து வேறு கடையிலும் வாங்கலாம். பீகார், ஒடிசா என்று வெளிமாநிலக் கார்டாக இருந்தாலும், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுக்கு 2020 அக்டோபரிலிருந்து இங்கேயும் தானியம் தருகிறார்கள். கார்டு எண் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சமைக்க இடமில்லாதவருக்கு அரிசி மூட்டை பெரிய உதவி இல்லைதான். ஆனாலும் கார்டை உயிரோடு வைத்திருங்கள்; மருத்துவக் காப்பீடு முதல் வாரிய வீடு வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கிறார். நான் வெளியே பிளாட்பாரத்தில் படுக்கிறேன். வேறு வழி?

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளை ஒட்டி நோயாளியோடு வந்தவர்களுக்கென்றே மாநகராட்சியின் சிறப்புக் காப்பகங்கள் இருக்கின்றன. வார்டு நர்சிடமோ நிலைய மருத்துவ அலுவலர் அறையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். அட்மிஷன் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

எந்த ஆவணமும் இல்லை. மழையில் போய்விட்டது, திருட்டுப் போய்விட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் அரசு ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கும் காகிதம் வேண்டாம். அதற்கு அடுத்த எல்லாவற்றுக்கும், அதாவது பென்ஷன், காப்பீடு, முழுமையான வங்கிக் கணக்கு, வீடு, எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும், காகிதத்துக்கு விலாசம் வேண்டும். தெருவில் இருப்பவரிடம் இல்லாதது அந்த விலாசம்தான். காப்பகத்தில் சில வாரம் தங்குவதன் பெரிய லாபம் படுக்கை மட்டுமல்ல, அந்த விலாசமும்தான்.

வரிசை இப்படி இருக்கட்டும். முன்பு ஆதார் எடுத்திருந்தால் புதிதாக எடுக்க முயற்சி செய்யாதீர்கள். உங்கள் கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே பதிவில் இருப்பதால் இரண்டாவது பதிவு நிராகரிக்கப்படும், மாதங்கள் வீணாகும். நிரந்தர ஆதார் மையத்துக்குப் போய், "எண் மறந்துவிட்டது, கைரேகை வைத்துக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். மொபைல் எண் மாறியிருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். விலாசத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில், உங்கள் போட்டோ ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும் சான்று செல்லும். காப்பகத்தில் இல்லாதவர்கள் அதே படிவத்தில் எம்.எல்.ஏ., மாமன்ற உறுப்பினர் அல்லது தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கலாம். படிவத்தின் ஒரு கட்டம் விட்டுப்போனாலும், முத்திரை போட்டோவின் மேல் பாதி ஏறாமல் இருந்தாலும் மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்து வாங்கிய இடத்திலேயே நின்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு நகருங்கள். பதினெட்டு வயதைத் தாண்டி இதுவரை ஆதாரே எடுக்காதவர்களுக்கு அரசின் சரிபார்ப்பு இருப்பதால் மாதக் கணக்கில் ஆகலாம்.

அடுத்தது வாக்காளர் அட்டை. இதற்கு விலாசச் சான்றே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. படிவம் 6இல் நீங்கள் ராத்திரி படுக்கும் இடத்தையே விலாசமாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, ஒரு நாளுக்கு மேல் பார்த்து, நீங்கள் அங்கேதான் தூங்குகிறீர்கள் என்று உறுதி செய்தால் போதும். தேர்தல் ஆணையத்தின் விதியே இது. "பிளாட்பாரத்துக்கெல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் மண்டல அலுவலகத்தில் இருக்கும் வாக்காளர் பதிவு அலுவலரிடம் போங்கள்.

வங்கியில் "சிறு கணக்கு" என்று கேளுங்கள். ஒரு போட்டோ, அதிகாரி முன்னால் ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு, இவ்வளவுதான். கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, மாதம் 10,000க்கு மேல் எடுக்க முடியாது. 12 மாதத்துக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்ட வேண்டும். கூலிப் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குவதைவிட இது எவ்வளவோ மேல். தெருவில் தூங்கும் நேரத்தில்தான் திருட்டு எளிதாக நடந்துவிடுகிறது.

கிடைத்த காகிதங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் ஒரு செட் நம்பிக்கையான டீக்கடையிலோ காப்பகப் பொறுப்பாளரிடமோ இருக்கட்டும். எண்களை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்தாலே பாதி வேலை மிச்சம்.

அறுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் 14567. பிறகு உங்கள் பகுதி வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் அங்கே தீர்ப்பாயம் நடக்கிறது. வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தர அதற்கு அதிகாரம் உண்டு. வீட்டைப் பிள்ளை பேரில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரமாக இருந்து, பிள்ளை கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். மூத்தவர்களைக் கைவிட்டுவிட்டுப் போவது இந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

"பெத்த பிள்ளை மேல கேஸ் போடவா?" என்று கேட்டுக் கண் கலங்கும் அம்மாக்களைப் பார்க்கிறேன். தீர்ப்பாயம் முதலில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசத்தான் பார்க்கும். அந்த ஒரு நோட்டீஸே பல வீடுகளில் வேலை செய்கிறது.

ஆதரவற்றவர்களுக்கான முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், முடிவு எடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனி ஓய்வூதியம் உண்டு. தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கணவர் வீட்டில் இனி இருக்க முடியாது. குழந்தையோடு எங்கே போவது?

181ஐக் கூப்பிட்டால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, சகி மையம் என்பார்கள், அனுப்புவார்கள். அங்கே சில நாள் தங்கலாம். மருத்துவம், போலீஸ், வக்கீல் மூன்றும் ஒரே இடத்தில் ஏற்பாடாகும். அதற்குப் பிறகு நீண்ட நாள் தங்கும் இல்லத்துக்கு மாற்றுவார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன்படி வீடு கணவர் பேரிலோ மாமியார் பேரிலோ இருந்தாலும், நீங்கள் வாழ்ந்த அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே வந்துவிட்டதாலேயே அது போய்விடாது. சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் உங்களுக்காக மனு போடுவார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

சம்பளம் வர ஆரம்பித்தபின், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளை விசாரியுங்கள். வெளியில் இருக்கும் ஹாஸ்டல்களைவிடப் பாதுகாப்பும் அதிகம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வேலை தேடி அலைய அது பெரிய ஆறுதல்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்?

டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 அதைத் தெளிவாகச் சொல்கிறது. முதலில் சேர்த்துவிடுங்கள், காகிதம் பின்னால் வரட்டும்.

வாடகை பாக்கி இருக்கிறது. ஓனர் நாளைக்குச் சாமானை வெளியே போடுவேன் என்கிறார்.

போட முடியாது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களைக் காலி செய்ய வைக்க முடியாது. தண்ணீரையோ கரண்டையோ துண்டிக்கவும் கூடாது. துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். சாமானை வீதியில் எறிய வந்தால் 112.

சட்டம் இப்படி இருந்தாலும், பேசித் தீர்ப்பது பல நேரம் நல்லது. சென்னையில் பெரும்பாலோர் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருப்பார்கள். பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி, இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, மீதியை வாங்கிக்கொண்டு மரியாதையாக வெளியே வந்தால் அடுத்த வீட்டுக்குக் கையில் கொஞ்சம் இருக்கும். வட்டிக்கு வாங்கி வாடகை கட்டாதீர்கள். தெருவுக்கு வந்த குடும்பங்களோடு பேசிப் பார்த்தால், வீடு போவதற்கு முன்னால் கந்துவட்டி ஒன்று இருந்திருக்கும்.

ஹவுசிங் போர்டு வீடு கிடைக்குமா?

ஏழைகளுக்கான அடுக்குமாடி வீடுகளைத் தருவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்தது, 2021இல் பெயர் மாறியது. தலைமை அலுவலகம் காமராஜர் சாலையில். நாடு முழுக்க எங்கும் சொந்த வீடு இல்லை, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்று காட்ட வேண்டும். ஆதாரும் குடும்ப அட்டையும் வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் பயனாளி பங்குத் தொகை என்று ஒரு பணம் கட்ட வேண்டியிருக்கும். அதை வாரியத்தின் பெயரில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். "ஆள் தெரியும், ஒரு லட்சம் கொடுத்தால் அலாட்மென்ட்" என்பவர் யாராக இருந்தாலும், கட்சிக்காரராக இருந்தாலும், ஏமாற்றுகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அசல் மாதிரியே இருக்கும் போலி ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்கு வந்து நிற்பவர்கள் உண்டு.

வீடு பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ கிடைக்கலாம். பிராட்வேயில் மூட்டை தூக்குபவருக்கும் பாரிமுனையில் பூ விற்பவருக்கும் பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம். விடியற்காலை மார்க்கெட்டுக்கு அங்கிருந்து வர முடியாமல் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் நடைபாதைக்கே வந்துவிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழைக்கு வீடு தருகிறவர்கள் வேலை இருக்கும் இடத்தை மறந்துவிட்டு வரைபடம் போட்டதன் விளைவு அது. ஆனாலும் வீடு கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகட்டும், உழைப்பவர் மட்டும் வாரத்தில் சில நாள் நகரத்துக் காப்பகத்தில் தங்கட்டும் என்று சமாளிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விட்டாலோ விற்றாலோ ஒதுக்கீடு ரத்தாகும்.

வாரிய வீடு வரும் வரை?

தனி ஆணாக இருந்து கூலி ஒழுங்காக வந்தால் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஷேரிங் அறை. குடும்பம் என்றால் வியாசர்பாடி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஒற்றை அறை. காப்பகத்தில் இருக்கும் மாதங்களில் அட்வான்ஸுக்கு மட்டும் பணம் சேருங்கள். காப்பகப் பொறுப்பாளரே வீட்டு ஓனரிடம் பேசி, "நல்ல மனுஷன், நான் பொறுப்பு" என்று சொன்னால் அட்வான்ஸ் குறைவது உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மாநகராட்சி லாரி வந்து நடைபாதையில் இருந்த சாமானை அள்ளிப் போய்விட்டது.

மண்டல அலுவலகத்துக்கு அன்றைக்கே போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரை, பிள்ளையின் பாடப்புத்தகம் எது போனது என்று பட்டியல் எழுதிக் கொடுத்து, மனுவில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். ஆவணம் போனதற்குக் காவல் நிலையத்தில் ஒரு சி.எஸ்.ஆர்., அதாவது புகார் பெற்றதற்கான ரசீது, வாங்கினால் நகல் எடுக்க உதவும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் (15100) இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

எங்கள் தெருவில் ஒருவர் மனநிலை சரியில்லாமல், கந்தல் துணியோடு சுற்றுகிறார். என்ன செய்யலாம்?

விரட்டாதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். முதலில் தண்ணீர், சாப்பாடு. காயம் இருந்தால் 108. அடுத்து காவல் நிலையத்தில் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேடவும் வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. தெருவில் அலையும் பெண்களுக்கென 1993இல் இங்கே ஆரம்பித்த 'தி பேன்யன்' அமைப்பு இன்றும் வேலை செய்கிறது. அரசோடு சேர்ந்து மாவட்ட மருத்துவமனைகளிலும் மீட்பு மையங்கள் நடக்கின்றன. ஆலோசனைக்கு 14416.

மூன்று மாத மாத்திரைக்குப் பிறகு தன் ஊர்ப் பெயரையும் அண்ணன் பெயரையும் தெளிவாகச் சொல்லி, வடமாநிலத்துக்கு ரயிலேறிப் போனவர்கள் உண்டு. அதனால் அவர் எந்த மொழி பேசுகிறார், என்ன ஊர்ப் பெயர் முணுமுணுக்கிறார் என்பதைக் குறித்துக் கொடுங்கள். வீடு கண்டுபிடிக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கலாம்.

நான் சென்னையில் இல்லை.

கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற மாநகராட்சிகளிலும் வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன. மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் "வாழ்வாதார இயக்கப் பிரிவு" எது என்று கேட்டு, அங்கே இருக்கும் சமுதாய அமைப்பாளரைப் பாருங்கள். பழனி, ஸ்ரீரங்கம் கோயில்களில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. கிராமமாக இருந்தால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவின் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கி வையுங்கள். கிராமங்களில் குடிசையில் இருப்பவர்களுக்கு 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள், அதற்கு நிலத்துக்குப் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவர்கள் முதலில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு முதல்வரின் உதவி மைய எண் 1100. வாயால் சொன்னாலே மனுவாகப் பதிந்துகொள்வார்கள்.